இருக்கைக்கு அடியில் ஒரு ஒயர்

அந்த வண்டி அக்கா ஏறி உட்கார்ந்தால் மட்டும்தான் நின்றுபோனது. அவன் உட்கார்ந்தால் சமர்த்தாக ஓடியது. ஒரு வாரமாக அவனுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது இதுதான்.

மருத்துவமனையின் புல்வெளிகளை வெட்டுவதற்கென்று இருந்த வண்டி அது. இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்ட வேண்டியதுதான். வயிற்றுக்கு அடியில் தட்டையான இரும்புக் கூடு, அதற்குள் சுழலும் பிளேடுகள், வெட்டிய புல்லை வலப்பக்கமாகத் துப்புவதற்கு ஒரு வாய். ஓட்டுவது அக்கா, பழுது பார்ப்பது தம்பி. சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அக்காவுக்கு ஊசி என்றும் அவனுக்குப் பீப்பா என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு பெயருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நம்புவதில்லை. வீட்டில் சாப்பாட்டைப் பங்கு வைப்பது யார் என்று மட்டும் கேட்பார்கள்.

முதல் நாள் வண்டி நின்றபோது அவன் பெட்ரோலைச் சந்தேகப்பட்டான். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினான். மறுநாளும் நின்றது. ஃபில்டரை மாற்றினான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, இடைவெளியைச் சரிபார்த்து மாட்டினான். பேட்டரி முனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கினான். ஒவ்வொரு முறையும் தானே ஏறிப் புல்வெளியைச் சுற்றி வந்தான். தையல் மெஷின் மாதிரி ஓடியது. இறங்கி அக்காவிடம் கொடுப்பான். அவள் மரத்தடி மேட்டைத் தாண்டுவதற்குள் பட்டென்று நின்றுவிடும்.

பெட்ரோல் போதாமல் நிற்கிற எஞ்சின் இப்படி நிற்காது. இருமும், இழுக்கும், கெஞ்சும், அப்புறம்தான் அடங்கும். இது பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பொத்தியதுபோல் நின்றது. அது மின்சாரக் கோளாறின் நடை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் காது கொடுக்கவில்லை. தான் ஓட்டினால் ஓடுகிறது, அவள் ஓட்டினால் நிற்கிறது. அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது என்று பளிச்சென்று ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அந்த முடிவைச் சலவைக்கூடத்து ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது சத்தமாகவும் சொல்லிவிட்டான்.

"வண்டியில ஒண்ணுமில்லக்கா. உன் கையிலதான் கோளாறு. மிதியைச் சடக்குனு விடுற."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த வண்டியில் ஏறுவதற்கு முன் அவள் வராந்தாக்களைப் பெருக்கிக்கொண்டிருந்தவள். முன்பு ஓட்டியவர் முதுகுவலி என்று படுத்துவிட்ட நாட்களில் தானாகவே கற்றுக்கொண்டு, வேலையைக் கேட்டு வாங்கியவள். அந்த ஆள் இப்போது முதுகு நிமிர்ந்து திரும்பி வந்து, வண்டி எப்போது நிற்கும் என்று கொட்டகை வாசலில் காத்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் வேறு, இன்னொரு தடவை நின்றால் துடைப்பத்தை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். எந்தப் பேச்சையும் 'சீக்கிரம்' என்று தொடங்குகிறவர் என்பதால் அவருக்குச் சீக்கிரம் சார் என்று பெயர்.

"என் கைய விடுடா," என்றாள் அக்கா. "உன் மூளைய ஒரு தடவை கழட்டித் துடைச்சு மாட்டு. அதுவும் அடைச்சிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அன்று வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அம்மாதான் இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் ஒரு பேச்சு என்று தூது போய்க்கொண்டிருந்தாள்.

இன்று காலையில்தான் அவனுக்குப் புத்தி தெளிந்தது. அக்கா மேட்டில் ஏறும்போது அவன் பக்கத்திலேயே நடந்து போனான். சக்கரம் ஒரு குழியில் இறங்கி எழுந்தது. அக்காவின் மெலிந்த உடம்பு இருக்கையிலிருந்து அரை விரற்கடை எழும்பியது. அதே நொடியில் எஞ்சின் நின்றது.

அவன் எஞ்சினைப் பார்க்கவில்லை. இருக்கையைப் பார்த்தான்.

இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் அழுந்தும், எழுந்தால் விடுபடும். பிளேடு சுழலும்போது ஆள் எழுந்துவிட்டால் எஞ்சினை அணைத்துவிடுவது அதன் வேலை. ஸ்பிரிங் விறைத்துப்போன அந்த ஸ்விட்சுக்கு அவனுடைய பீப்பா உடம்பு போதுமானதாக இருந்தது. அக்காவின் ஊசி உடம்பு போதவில்லை. குலுங்கும்போதெல்லாம் அது ஆள் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம். கையில் ஒன்றுமே இல்லை.

அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாய் வரை வந்தது. ஆனால் ஊரே கேட்கச் சொன்ன பேச்சைத் திருப்பி விழுங்குவது அத்தனை சுலபமாக இல்லை. எண்ணெய்த் துணி வேண்டும் என்று அக்காவைக் கொட்டகைக்குள் அனுப்பினான். அவள் போனதும் இருக்கையைத் தூக்கி, ஸ்விட்சுக்கு வந்த இணைப்பைப் பிடுங்கி, அதன் இரண்டு துளைகளையும் ஒரு ஒயர் துண்டால் சேர்த்தான். இனி வண்டியைப் பொறுத்தவரை இருக்கையில் எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். சந்தேகத்தைச் சரிபார்க்க மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிற காரியம்தான். சரிபார்த்ததும் பிடுங்கிவிடுவார்கள்.

அக்கா வந்தாள், ஏறினாள், மேட்டைத் தாண்டினாள். குழியிலும் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினாள். வண்டி நிற்கவில்லை.

"என்னடா பண்ணின?"

"கார்புரேட்டர்ல தூசிக்கா. ஊதிவிட்டேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது. அப்படியானால் தன் கை நல்ல கைதானே என்று கேட்டாள். அவன் துணியில் விரல்களைத் துடைத்தான். ஒரு புது ஸ்விட்ச் வாங்கி வந்து, அவள் சாப்பிடப் போகிற நேரத்தில் சத்தமில்லாமல் மாட்டிவிட்டால் போதும்; யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டான். கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடியாத வண்டியின் சாவி மெக்கானிக்கின் பையில்தான் இருக்க வேண்டும். அக்கா உள்ளங்கையை நீட்டினாள். கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். கொடுத்துவிட்டான்.

"விடியக்காலைல தூறியிருக்கு. புல்லு காயட்டும். மத்தியானம் இறங்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

உதிரிபாகக் கடையை நடத்திய அம்மாள், ஸ்விட்ச் என்றதும் உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தார். பழசைக் கழற்றிக் கொண்டுவந்தாயா, ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று கேட்டார். இல்லை, வண்டியிலேயே இருக்கிறது என்றான். அவர் புதுசை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். டிக் என்றது. விரலை எடுத்தார். மறுபடி டிக் என்றது.

"அழுத்தினா ஓடும். விட்டா நிக்கும். அவ்வளவுதானே தம்பி இதோட வேலை."

விட்டால் நிற்கும். அந்த இரண்டு சொற்கள் அவன் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

ஈரப் புல் வண்டியின் வாயை அடைக்கும். கத்தையாகச் சுருண்டு, களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறது: மஞ்சள் குமிழை அமுக்கிப் பிளேடை நிறுத்து, சாவியைத் திருப்பு, எல்லாம் அடங்கும்வரை பொறு, பிறகு இறங்கு. அந்தக் கொட்டகையில் அப்படிச் செய்தவர்கள் யாரும் இல்லை. எழுந்தாலே எல்லாம் தானாக நின்றுவிடும்போது குமிழ் எதற்கு, சாவி எதற்கு? அக்கா பேருந்தில் இருக்கையிலிருந்து எழுகிற மாதிரி எழுவாள். எழும்போதே எஞ்சின் அணையும். இறங்கிக் குனிவதற்குள் பிளேடு ஓய்ந்திருக்கும். கையை வாய்க்குள் விட்டுக் கத்தையை உருவி எறிவாள். திரும்ப ஏறிக்கொள்வாள். காதில் சத்தத்தைத் தடுக்கும் கவசம் மாட்டியிருப்பதால் எஞ்சின் அணைந்ததா என்று அவள் கேட்பதுகூட இல்லை. கேட்க வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

இன்று எழுந்தால் எதுவும் நிற்காது. அடைத்த பிளேடு திணறிக்கொண்டு, வழி கிடைக்கட்டும் என்று காத்திருக்கும். கத்தையை உருவிய அடுத்த கணம் மொத்த வேகத்தோடு சுழலும்.

புல் காயும்வரை இறங்க மாட்டாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். அப்போது கைப்பேசி அடித்தது. சீக்கிரம் சார்.

சீக்கிரம் வரும்படி சொன்னார். புதுக் கட்டிடத்தைத் திறந்துவைக்க வருகிற பெரிய மனிதர்கள் சாயங்காலத்துக்குப் பதில் மதியமே வந்துவிடுகிறார்களாம். வாசலில் நாற்காலி போட ஆள் போதவில்லையாம். உங்கள் அக்காதான் கெட்டிக்காரி, இப்போதுதான் புதுக் கட்டிடத்துச் சரிவில் வண்டியோடு இறங்கியிருக்கிறாள், வண்டியும் சொன்னபடி கேட்கிறது என்று பாராட்டினார்.

"சார், அந்த வண்டிய உடனே நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது?"

எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம்தான். பாதுகாப்பு ஸ்விட்சைத் துண்டித்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டேன் என்ற வாக்கியம். அதை எங்கிருந்து தொடங்குவது என்று அவன் ஒரு மூச்சு நேரம் தயங்கினான். அந்த ஒரு மூச்சில் மறுமுனையில் யாரோ சாரைக் கூப்பிட்டார்கள். வந்து பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். திரும்ப அழைத்தான். வேறு அழைப்பில் இருப்பதாகக் குரல் வந்தது. அக்காவுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய கைப்பேசி மேல்சட்டைப் பைக்குள் அதிரும், அந்த அதிர்வு வண்டியின் குலுக்கலில் கரைந்துவிடும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி அடித்தான்.

கடைக்கார அம்மாள் பெட்டியை நீட்டியபடி நின்றார். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான்.

ஸ்கூட்டர் அன்று போனதுபோல் அதற்கு முன் போனதில்லை. சந்தியில் சிவப்பு விளக்கைத் தாண்டினான். ஒரு வேன்காரர் கண்ணாடியை இறக்கி அவன் பரம்பரையையே விசாரித்தார். அவன் கண்ணுக்கு முன்னால் ரோடு தெரியவில்லை, அக்காவின் வலது கைதான் தெரிந்தது. நெருப்பில் சுட்ட தழும்பு மணிக்கட்டில் இருக்கும். சின்ன வயதில் அவன் தலையில் கொட்டியதும் அந்தக் கைதான், பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது விரலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதும் அந்தக் கைதான். அந்தக் கையில் கோளாறு என்று சொன்னான். கடவுளே, இன்னும் அடைத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான். புல்வெளியின் ஈரத்தைப் பார்த்து யாராவது நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். வண்டி வேறு ஏதாவது கோளாறில் நின்றிருக்க வேண்டும். ஒரு வாரமாக நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று கும்பிட்ட வண்டியை இப்போது நின்றுபோ, நின்றுபோ என்று கெஞ்சினான்.

மருத்துவமனை வாசலில் கம்பிக்கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். காவலாளி நேற்றுவரை அவனோடு தேநீர் குடித்தவர்; இன்று புதுத் தொப்பி போட்டிருந்தார். வண்டி எதுவும் உள்ளே போகக் கூடாதாம், பின்வாசல் வழியாகச் சுற்றி வர வேண்டுமாம். பின்வாசலுக்குப் போவதென்றால் மதில் முழுவதையும் சுற்ற வேண்டும். அவன் ஸ்கூட்டரை அப்படியே போட்டான். நிறுத்தவில்லை, போட்டான். அது சாய்ந்து விழுந்த சத்தத்தைக் காவலாளி திரும்பிப் பார்ப்பதற்குள் சின்னக் கதவு வழியாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தான்.

பீப்பா ஓடியதை அந்த வளாகத்தில் யாரும் பார்த்ததில்லை. மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது. சலவைக்கூடத்தின் நீராவி முகத்தில் அடித்தது. காய்ந்துகொண்டிருந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே புகுந்து போனான். ஈரத் துணி முகத்தை மூடியது, கிழித்துக்கொண்டு வெளியே வந்தான்.

அப்போது எஞ்சின் சத்தம் கேட்டது. புதுக் கட்டிடத்துக்குப் பக்கத்திலிருந்து, ஒரே சீராக, வண்டு ரீங்கரிப்பதுபோல் வந்தது. அவனுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. சீராக ஓடுகிறது என்றால் இன்னும் அடைக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்திருக்கிறாள் என்றால் கை இருக்கிறது. ஓடு, ஓடு, அப்படியே ஓடிக்கொண்டிரு.

மூச்சு வாங்கியது. விலா எலும்புக்கு அடியில் கத்தி குத்தியது. கொட்டகையைத் தாண்டும்போது சத்தம் மாறியது.

சீராக இருந்தது தடித்தது. தொண்டை கட்டியதுபோல் இறங்கியது. பாரம் ஏறிய எஞ்சின் முக்கி முனகத் தொடங்கியது. எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சத்தம் அது. வாய் அடைத்துவிட்டது.

நோயாளிகள் இருந்த பழைய கட்டிடத்தின் மூலையைத் திரும்பியவன் கம்பிவலையில் போய் மோதி நின்றான். சரிவுக்கும் அவனுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் ஓடுகிற கால்வாய், அதன் இந்தக் கரையில் மார்பு உயரத்துக்கு வலை. சுற்றிப் போவதென்றால் கட்டிடத்தின் முன்பக்கம் வரை ஓட வேண்டும். அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், சிவப்பு வண்டி நின்றிருந்தது. அக்கா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கையிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள்.

"அக்கா!"

காதுக்கவசம் அசையவில்லை. மாடியில் இருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் இறங்கினாள். இருக்கை காலி. எஞ்சின் முனகிக்கொண்டே இருந்தது. அவள் இடுப்பில் ஒரு கையை ஊன்றி, சேலை அவிழ்ந்ததா என்று பார்க்கிற மாதிரி சாவகாசமாகப் பக்கவாட்டில் குனிந்து வாயைப் பார்த்தாள். வலது கையின் உறையை முழங்கைப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வலையில் ஏற முயன்றான். அவன் பாரத்துக்கு அது வளைந்து கொடுத்ததே தவிர தூக்கிவிடவில்லை. எறிவதற்குக் கல் தேடினான். வெட்டிச் சுத்தமாக்கிய புல்வெளியில் கல் எங்கே இருக்கும்? அக்கா மண்டியிட்டாள். அவன் கால் செருப்பைக் கழற்றி வீசினான்.

அது வண்டியைத் தாண்டிப் போய்ப் புல்லில் விழுந்தது. அவள் பார்க்கவில்லை. கை வாயின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

இன்னொன்றுதான் மிச்சம். அவன் அதைக் கழற்றினான். ஒரு கணம் கையில் நிறுத்திப் பிடித்தான். எறிந்தான்.

செருப்பு அக்காவின் முதுகின் நடுவில் பொத்தென்று விழுந்தது.

அவள் துள்ளி எழுந்து திரும்பினாள். கை வெளியே வந்துவிட்டது. முதலில் காலடியில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு வலைக்கு அந்தப் பக்கம், வெறுங்காலோடு, வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தாள். மாடி வராந்தாவில் நின்ற தாதியரும் நோயாளிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடப்பிறந்த அக்காவை, வேலை செய்கிற இடத்தில், நாலு பேர் பார்க்கச் செருப்பால் அடித்திருக்கிறான். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. காதுக்கவசத்தைப் பிடுங்கிக் கழுத்தில் இறக்கிக்கொண்டு, அவனை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள்.

அங்கேயே நின்றாள்.

கவசம் இல்லாத காதில் எஞ்சின் சத்தம் விழுந்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பினாள். இருக்கையில் யாரும் இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே எதுவோ வழுக்கி விடுபட்டது. அடைத்திருந்த கத்தை பச்சைக் குழம்பாகத் தெறித்து அவள் மண்டியிட்டிருந்த இடத்தில் சிதறியது. பிளேடு முழு வேகத்தில் ஊளையிட்டது.

அக்கா ஓர் எட்டு பின்வாங்கினாள். பிறகு வாய் இருந்த பக்கத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போய், கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

அவன் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவள் புல்லில் உட்கார்ந்திருந்தாள். உறையைக் கழற்றி மடியில் வைத்து, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். அவள் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"எழுந்தா நிக்கும்ல. ஏன் நிக்கல?"

அவன் சொன்னான். இருக்கைக்கு அடியில் ஒயரைச் சேர்த்ததை, ஸ்விட்சின் ஸ்பிரிங்கை, அவளுடைய எடையை, எல்லாவற்றையும் மூச்சு வாங்கிக்கொண்டே முன்னுக்குப்பின்னாகச் சொன்னான்.

"அப்ப என் கையில ஒண்ணுமில்ல."

"இல்லக்கா."

"அது உனக்குக் காலைலயே தெரியும்."

அவன் தலையசைத்தான்.

"தப்பா சொல்லிட்டேன்க்கானு ஒரு வார்த்தை. அதுக்கு உனக்கு வாய் வரல. அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலா என் கைய…"

விரல்களை மறுபடி மடக்கினாள். அதை அவன் பார்ப்பதை அவளும் பார்த்து, கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

சீக்கிரம் சார் சரிவில் இறங்கி வந்தார். விருந்தினர்கள் வருகிற நேரத்தில் வண்டி ஏன் நிற்கிறது, செருப்பு எறிகிற விளையாட்டெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று தொடங்கினார். அவருக்குப் பின்னால் பழைய ஓட்டுநரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு வந்திருந்தார். இவளுக்கு முடியவில்லை என்றால் தான் ஏறிச் சீக்கிரம் முடித்துவிடுவதாகச் சொல்லி வண்டியின் மேல் கையை வைத்தார்.

அக்கா எழுந்தாள். சாவியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதுல இப்ப யாரும் ஏறக் கூடாது சார். பழுது பாத்து முடியல."

அப்படியானால் நாளையிலிருந்து வராந்தா பக்கம் போய்விடுகிறாயா என்று சார் கேட்டார். போகிறேன், ஆனால் ஸ்விட்ச் மாட்டாமல் சாவி கொடுக்க மாட்டேன் என்றாள். கேட்டுக்கொண்டு நின்ற அவனுக்குச் சலவைக்கூடத்து ஆட்களும் வேலையை விட்டுவிட்டு வலைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பது தெரிந்தது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான். அன்று சொன்னது அவர்களுக்குக் கேட்ட அதே அளவுக்கு இதுவும் கேட்க வேண்டும்.

"சார், தப்பு என்னோடது," என்றான் சத்தமாக. "அக்கா ஓட்டினதுல ஒரு கோளாறும் இல்ல. ஸ்விட்ச் போயிருந்தது. நான் அதைத் துண்டிச்சு விட்டுட்டு, சொல்லாம சாவியக் குடுத்துட்டேன். செருப்பு எறியலைன்னா இப்ப அவளை ஆபரேஷனுக்குத் தூக்கிட்டுப் போயிருப்போம்."

சலவைக்கூடத்துப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. சீக்கிரம் சார் பச்சைக் குழம்பு தெறித்திருந்த புல்லைப் பார்த்தார், வண்டியின் வாயைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார். அவன் விஷயத்தைத் திறப்பு விழா முடிந்ததும் மேலே இருப்பவர்களிடம் எடுத்துப்போகப் போவதாக, முதல் முறையாகச் 'சீக்கிரம்' என்ற சொல் இல்லாமல் சொன்னார். பழைய ஓட்டுநர் வண்டியின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அட்டைப்பெட்டி அவன் சட்டைப் பைக்குள் நசுங்கிக் கிடந்தது. உள்ளே ஸ்விட்ச் நல்லபடியாக இருந்தது. சரிவிலேயே மண்டியிட்டு இருக்கையைத் தூக்கினான். ஒயர் துண்டை உருவி, எல்லாரும் பார்க்கும்படி புல்லில் போட்டான். பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினான். ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, அக்காவை உட்காரச் சொன்னான். இடது பக்கம் சாயச் சொன்னான், வலது பக்கம் சாயச் சொன்னான், குலுங்கச் சொன்னான். இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். எஞ்சினை முடுக்கிப் பிளேடைச் சுழலவிட்டாள். சாய்ந்தும் குலுங்கியும் பார்த்தாள், ஓடியது. எழுந்தாள். பட்டென்று நின்றது.

மறுபடி உட்கார்ந்தாள், முடுக்கினாள், எழுந்தாள். நின்றது. அவளுக்குப் போதவில்லை. திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறை அவள் எழும்போதும் எஞ்சின் அடங்குகிறதா என்று அவன் காது கொடுத்தான். விருந்தினர்களின் கார்கள் முன்வாசலில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

கடைசியாக ஏறி உட்கார்ந்தவளுக்கு வாய்க்குள் பார்ப்பதற்காக மீண்டும் இறங்க வேண்டியிருந்தது. இந்த முறை மஞ்சள் குமிழை அமுக்கினாள். சாவியைத் திருப்பி உருவினாள். எல்லாம் அடங்கும்வரை பொறுத்து இறங்கி, மிச்சமிருந்த புல்லை ஒரு குச்சியால் தள்ளினாள். புதுசாகக் கற்றுக்கொள்கிறவளைப் போல ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் செய்தாள்.

அவன் செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். வலிக்கிறதா என்று கேட்டான்.

"முதுகா?" என்றாள் அக்கா. காதுக்கவசத்தை எடுத்தவள், மாட்டாமல் நிறுத்தினாள். "வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட நீ என்னைச் செருப்பால அடிச்சதை மட்டும்தான் நான் சொல்லுவேன். ஏன் அடிச்சேங்கறதை நீயே உன் வாயால சொல்லிக்க."

கவசத்தை மாட்டிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, சரிவில் இறங்கினாள். அவன் செருப்புகளோடு அங்கேயே நின்று, அவள் மேட்டில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்தான். எப்படித் தொடங்கினாலும் அந்த ஒயரில்தான் வந்து நின்றது.